மூன்று கான்களில் தட்டிய களிமண்

நிலவெடிப்பு எங்கள் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தோடு முடிகிறது என்று அறிக்கையில் பொய் எழுதியவர் நீங்கள்தான், ஐயா. நான் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் அளவுநாடாவின் ஒரு நுனியை உங்கள் ஜீப் சாரதி மேட்டில் அழுத்திப் பிடித்திருந்தார். மறு நுனி உங்கள் கையில் இருந்தது. ஏழு மீற்றரும் கொஞ்சமும். புல் தொடங்கிய இடத்தில் நின்றீர்கள். சப்பாத்தில் சேறு படாமல் ஒரு காலைத் தூக்கிக் கல்லில் வைத்துக்கொண்டீர்கள். "இதோடு முடிகிறது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினீர்கள். அது சரசரவென்று உள்ளே இழுபட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அது அங்கே முடியவில்லை என்று அந்த இடத்திலேயே ஒருவர் உங்களிடம் சொன்னார். மம்பட்டியால் புல்லைப் பெயர்த்துக் காட்டினார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நான் கணிதம் படிப்பிக்கிறவள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்துகாமம் போய், அங்கிருந்து மடுல்கெல்லை பஸ் பிடித்து, இறங்கிய பிறகு முக்கால் மணி நேரம் தேயிலைக்குள் ஏறி நடந்தால் எங்கள் பாடசாலை. மலையைச் சீவித் தட்டையாக்கிய இடத்தில் நீளமான ஒரு மண்டபம். கரும்பலகைகளை நடுவில் நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தோம். ஒரு வகுப்பில் தமிழ்ச் செய்யுள் நடந்தால் அடுத்த வகுப்பில் பெருக்கல் நடக்காது. மண்டபத்துக்கு மேல் பக்கம் மைதானம், மைதானத்துக்கு மேல் தேயிலை மலை. மண்டபத்துக்குக் கீழே ஒரு கற்சுவர், சுவருக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயம், லயத்தின் கோடியில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா. இடதுபக்கம் பாறை முதுகில் கோயில், வலப்பக்கம் சாமான் போட்டு வைக்கும் ஒரு சின்னக் கட்டடம். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

தரம் ஆறில் கேத்திரகணிதம் தொடங்குவது கஷ்டம். கூட்டல் கழித்தல் என்றால் பிள்ளைகள் விரலைப் பார்க்கலாம். நேர்கோட்டை எதில் காட்டுவது? பலகையில் நான் இழுப்பது நேர்கோட்டுத் துண்டம். அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் தொடங்கி மறுபக்கம் நிற்காமல் போனால் அது கதிர். இரண்டு பக்கமும் நிற்காமல் போனால் நேர்கோடு. எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே போகும் தட்டைதான் தளம். கொப்பித் தாள் தளமல்ல, தளத்தில் கிழித்த ஒரு துண்டு. இதைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அம்புக்குறியை அலங்காரம் என்று நினைத்து எல்லாக் கோட்டுக்கும் இரண்டு பக்கமும் போட்டுவிடுவார்கள். ஒருமுறை கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்.

"டீச்சர், அந்தக் கோடு எது வரைக்கும் போகும்?"

"போய்க்கிட்டே இருக்கும்."

"கண்டிக்குப் போகுமா?"

"கண்டியத் தாண்டியும் போகும்."

"பஸ்ஸு மாறாமலேயா?"

வகுப்பே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியிலும் ஒரு சிரிப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தால், முழங்கால் வரை சேறும் தோளில் மம்பட்டியுமாக ஒருவர் நின்றார். கேள்வி கேட்டவளின் அப்பா.

தோட்டத்தில் அவரைக் கான்காரர் என்பார்கள். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓடுவதற்காகத் தேயிலை மலையில் குறுக்கே வெட்டும் வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். அதை வெட்டுவதும் தூர் எடுப்பதும் அவருடைய வேலை. பாடசாலையைச் சுற்றியிருந்த கான்களையும் அவரே பார்த்துக்கொண்டார், கூலி இல்லாமல். நான் அவரை அண்ணே என்பேன். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் மூத்தவராக இருக்கலாம், கேட்டதில்லை. ஒல்லி, வெற்றிலைப் பல், பேசும்போது ஆளைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார். முதலில் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். கூச்சமில்லை. அவர் எப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஒரு சந்தேகம் கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"கேளுங்க அண்ணே."

"தளத்துக்கு ஓரமே இல்லன்னீங்க. மண்ணுக்குள்ள இருந்தாலும் அப்படித்தானா?"

மகள் வெட்கத்தில் முகத்தைக் கொப்பியால் மூடிக்கொண்டாள். மணி அடிக்க இரண்டு நிமிடம்தான் இருந்தது. "மண்ணுக்குள்ள இருந்தாலும், காத்துல இருந்தாலும் தளம் தளம்தான்" என்று சொல்லி அனுப்பினேன். "அப்ப நான் நினைச்சது சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு பொலிதீன் பையோடு வந்தார். பையில் மூன்று மண்ணுருண்டைகள். மூன்றும் ஒரே மாதிரி, நீலம் கலந்த வெள்ளை. தொட்டால் ஊறிய சவர்க்காரம் மாதிரி விரல் வழுக்கியது. மேல் மலையில் ஒரு கான், வலப்பக்கத்து மலையில் ஒன்று, மைதானத்துக்கு மேலே ஒன்று. மூன்றிலும் ஆழப்படுத்தும்போது வெவ்வேறு ஆழத்தில் மம்பட்டி இந்தக் களிமண்ணைத் தட்டியதாம். அதற்கு மேல் செம்மண், கீழே பாறை. "மூணு கான்லயும் தட்டிச்சு டீச்சர். மேல இருக்கிற மண்ணு பூராவும் இதுமேலதான் குந்தியிருக்கு. சாய்வா." அவருடைய கூட்டாளிகள் இதைக் கேட்டுச் சிரித்தார்களாம். "இஞ்சினியர் தொர வாறாரு, வழி விடுங்கடா" என்று கேலி செய்தார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. உருண்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மரியாதைக்காகத்தான்.

வத்துகாமம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது என் தலையில் ஏறியது. ஒரே கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் இருந்தால் அவற்றின் வழியாக ஒரே ஒரு தளம்தான் போக முடியும். எத்தனை வருடமாகப் பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் மூன்று புள்ளிகளைத் தோண்டி எடுத்துப் பொலிதீன் பையில் போட்டு என் கையில் தந்திருக்கிறார். தளத்துக்கு ஓரம் இல்லை என்று சொன்னதும் நான்தான். அப்படியென்றால் அது மைதானத்துக்கு மேல் கானோடு நிற்காது. மைதானத்துக்கு அடியில் போகும். பிறகு? ஜன்னலோரம் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. பக்கத்தில் இருந்த பெண், "சுகமில்லையா மிஸ்?" என்று கேட்டாள். மண் என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? தலைச்சுற்று என்றேன்.

சனிக்கிழமை அவரும் நானும் அளந்தோம். வழி அவருடையது. கான் வெட்டுகிறவர்கள் ஒரே அளவுக் குச்சியை வைத்துத்தான் சாய்வு பிடிப்பார்கள். ஒரே உயரத்தில் மூன்று மூங்கில் வெட்டினார். ஒவ்வொன்றையும் அந்தந்தக் கானில், அடி நுனி களிமண்ணைத் தொடும்படி நட்டார். மூங்கில் எட்டடி என்றால் அதன் தலை களிமண்ணிலிருந்து எட்டடி உயரத்தில் நிற்கும். மூன்று தலைகளும் சேர்ந்து, மண்ணுக்குள் இருக்கும் தளத்துக்குச் சமாந்தரமான இன்னொரு தளத்தை வெளியில் காட்டும். இந்தச் சொல்லெல்லாம் அவருக்குத் தெரியாது. கீழிருந்த இரண்டு மூங்கில் தலைகளுக்கும் இடையில் கயிறு கட்டிவிட்டு, மேல் மூங்கிலின் தலையில் கண்ணை வைத்து, கயிற்றை உரசிக்கொண்டு கீழே பார்த்தார். கண்ணில் தொடங்கி நிற்காமல் போகும் பார்வை. நான் பலகையில் வரைகிற கதிர் அதுதான். நான் மண்டபத்துச் சுவரில் வெண்கட்டியோடு நின்றேன். "இன்னும் கீழ டீச்சர். இன்னும் கொஞ்சம். ஆங், அதுதான்." கோடு போட்டேன். தரையிலிருந்து ஆறடி. எட்டில் ஆறு போனால் இரண்டு. என் மேசையின் அடியில், இரண்டடி ஆழத்தில், அந்த வழுக்கல் மண் போகிறது.

அவர் இறங்கி வந்து வெண்கட்டிக் கோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டடத்துக்குக் கீழே இருந்த கற்சுவரைக் காட்டினார். சுவரின் அடியில் ஒரு நீளத்துக்கு மட்டும் கல் ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாள். "அங்கதான் வெளிய வருது" என்றார்.  அவருடைய மகள் கீழே, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடுவது மேலே வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போகவே இல்லை. வகுப்பில் நிற்கும்போது பாதம் கூசும். மண்டபத்துக் கதவு ஒரு நாள் இழுத்துச் சாத்த வேண்டியிருந்தால், நேற்றும் இப்படியா என்று யோசிப்பேன். அடுத்த மழைக்கு மைதானத்துக்கு மேல் மேட்டில் வெடிப்பு விழுந்தது. முதலில் நூல் அளவு. பிறகு விரல் போகும் அளவு. மேட்டிலிருந்து இறங்கி மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோயில் பாறையின் பக்கமாகப் போனது. இரண்டு தளங்கள் சந்தித்தால் வருவது ஒரு கோடு என்று படிப்பிக்கிறோம். உள்ளே அசைகிற மண் எங்கே அசையாத நிலத்திலிருந்து பிரிகிறதோ அந்த விளிம்புதான் வெடிப்பு. மேட்டில் மட்டும் இருந்தால் மேடுதான் சரியும். மைதானத்தைக் கடந்து போனால், மைதானமும் மண்டபமும் சுவரும் லயமும் எல்லாம் அறுபட்ட துண்டில் இருக்கின்றன என்று பொருள். பாடசாலை அதிபரிடம் சொன்னேன். அவர் பயந்த சுபாவமுள்ளவர், கெட்டவர் இல்லை. கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து, அதிகாரி வருகிறார் என்று பதில் வந்தது.

இனிச் சொல்லப் போவது எங்கள் தவறு. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சிரமதானம் நடக்கும். பெற்றோர் கத்தியோடும் மம்பட்டியோடும் வருவார்கள். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசப்படும். வெற்றிலைத் தட்டு தயாராகும். வெடிப்பைப் பார்க்கவே ஒருவர் வருகிறார், அப்போதும் நாங்கள் சிரமதானம் வைத்தோம். மைதானத்தில் விழுந்திருந்த வெடிப்பைப் பார்த்து ஒரு தாய், "வாற ஆளு தடுக்கி விழுந்துட்டா நமக்குத்தான் அசிங்கம் டீச்சர்" என்றாள். நான் தேநீர்க் கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமா, மூடிருங்க" என்றேன். இரண்டு சொல். வெடிப்பின் பொருள் என்ன என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். விருந்தாளி விழக்கூடாது என்ற நினைப்பு என் புத்தியை மூடியது. மண் போட்டு, மிதித்து, மேலே புல்லைப் பெயர்த்து வைத்து, தண்ணீரும் தெளித்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

கான்காரருக்கு அன்று மலையில் முழு நாள் வேலை. பின்னேரம் வந்து பார்த்தவர் அப்படியே மைதானத்தில் குந்திவிட்டார். சத்தம் போடவில்லை. "காயத்த மூடிட்டு டாக்டரக் கூப்பிட்டிருக்கீங்களே டீச்சர்" என்றார். நான், நாளைக்கு வாயால் சொல்லிவிடலாம் என்றேன். "யாரு சொல்றது?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள், ஐயா. வானம் கறுத்திருந்தது, உங்களுக்கு அவசரம். மாலையை வாங்கிச் சாரதியிடம் கொடுத்தீர்கள். மொழிபெயர்க்க ஒரு இளம் எழுதுவினைஞரைக் கூட்டி வந்திருந்தீர்கள். மேட்டில் அளந்தீர்கள், புல்லில் நிறுத்தினீர்கள். அப்போதுதான் கான்காரர் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரியிருந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில், வெடிப்பு இதோடு முடியவில்லை, புல்லை வைத்து மூடியிருக்கிறார்கள் என்று சொன்னார். நீங்கள், "நீ இஞ்சினியரா?" என்று கேட்டீர்கள். எழுதுவினைஞர் அதை, "சரி சரி, பாத்துக்கொள்ளுவம்" என்று மொழிபெயர்த்தார். எங்களுக்குச் சிங்களம் அரைகுறையாகத்தான் புரியும் என்ற நினைப்பு. கான்காரர் மம்பட்டியை எடுத்து ஒரு துண்டுப் புல்லைப் பெயர்த்தார். கீழே கறுப்பாக வாய் திறந்திருந்தது. நேற்றுப் போட்ட மண்ணில் பாதி ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டிருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், இவன் சொல்வது உண்மையா?" என்று கேட்டீர்கள்.

அதிபர் என் கண்ணைத் தேடினார். ஆய்வுக்கு முதல் நாள் மூடியது யார் உத்தரவு என்று கேட்டால் அவருக்கும் பழி வரும், எனக்கும் வரும். எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். இடமாற்றம் வரும். வாயைத் திறந்தேன். "தெரியாது சேர்" என்றேன்.

கான்காரர் என்னைப் பார்த்தார். அவர் தரையை விட்டு ஒரு ஆளை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். நீங்கள், மைதானத்தைப் பழுதாக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மழை தூறத் தொடங்கியதும் ஜீப்பில் ஏறினீர்கள். அறிக்கை பிறகு வந்தது. மேட்டில் சிறிய சரிவு, வெடிப்பைக் களிமண்ணால் மூடவும், பாடசாலையைத் தொடர்ந்து நடத்தலாம். இரண்டு முனையும் அடைத்த ஒரு கோட்டுத் துண்டம். எங்கள் தரம் ஆறு பிள்ளை அப்படிப் போட்டிருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அடுத்த நாள் அவர் வந்து கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். வந்தார். கோபிக்கவில்லை. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளையாக அடித்து, நடுவில் கயிறு கட்டிவிட்டு, "தெனமும் காலையில அளந்து எழுதி வைங்க டீச்சர்" என்றார்.  மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை அவரிடம் போனேன். இரண்டு தடவையும் கானில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பேசிவிட்டுத் திரும்பினேன். தினமும் அளந்தேன். சில நாள் ஒன்றும் இருக்காது. மழை பெய்த மறுநாள் ஒரு நெல்லின் அகலம் கூடியிருக்கும். கயிறு இறுகி, தொட்டால் தந்தி மாதிரி அதிரும். பிள்ளைகளின் வாங்குகளைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டேன். கேட்டவர்களிடம் வெளிச்சத்துக்காக என்றேன். கோயிலுக்கு ஓடும் ஒரு விளையாட்டைப் பழக்கினேன். யார் முதலில் மணியைத் தொடுவது? பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டு ஓட, நான் எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

பெருமழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. பாடசாலைக்கு விடுமுறை என்று யாரும் அறிவிக்கவில்லை. நாலாம் நாள் காலை, இரண்டாம் பாடம். கான்காரர் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பீலித் தண்ணி நின்னுருச்சு."

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. இந்த மழையில் எப்படி நிற்கும்?

"இந்த மழையில பீலி நிக்குதுன்னா தண்ணி உள்ளுக்குப் போய்த் தங்குது. புள்ளைகள எடுங்க. இப்பவே."

அதிபர், மேலிடத்தைக் கேட்க வேண்டாமா என்றார். தொலைபேசியில் ஒலி இல்லை. அவரைத் தள்ளிக்கொண்டு போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் தன் பிள்ளைகளை லயத்துப் படியில் கீழே இறக்கத் தொடங்கியிருந்தார். பயந்தால் எல்லாரும் கீழேதான் ஓடுவார்கள். ஆனால் மண்ணும் அந்தத் திசையில்தான் வரும். அதைவிட வேகமாக எந்தப் பிள்ளையும் ஓடாது. "பக்கவாட்டுல! கோயிலுக்கு! கீழ போகாதீங்க!" என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. வெடிப்பின் மறு முனை எங்கே என்று கான்காரரும் நானும் அளந்து வைத்திருந்தோம். கோயில் பாறை அதற்கு வெளியே. உங்கள் கணக்கை நம்பியிருந்தால், ஐயா, மைதானத்திலேயே நின்றிருப்போம். பிள்ளைகள் ஓடினார்கள். வழக்கமான விளையாட்டு என்று நினைத்துச் சிலர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

கான்காரர் எங்களோடு வரவில்லை. நேர் கீழே இறங்கினார். லயத்தில் கதவு கதவாகத் தட்டினார், பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கவைத்துப் பக்கவாட்டில் விரட்டினார் என்று பிறகு சொன்னார்கள். நான் கோயில் பாறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். லயத்தின் கடைசி அறையான மூலைக் காம்பராவில் நடக்க முடியாத ஒரு தாத்தா கட்டிலில் கிடந்தார். கான்காரர் திரும்ப உள்ளே போவது தெரிந்தது.

இடி மாதிரி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் மண்டபம் நகர்ந்தது. உடையாமல், கதவு திறந்தபடியே, அலுமாரியின் இழுப்பறை மாதிரி முன்னால் வந்தது. மைதானத்துக்கு மேலிருந்த தேயிலைச் செடிகள் நின்றபடியே பயணம் செய்தன. சாயக்கூட இல்லை. ஒரே தட்டில் வைத்து யாரோ இழுப்பது போல எல்லாம் சேர்ந்து நகர்ந்தன. தளம் என்றால் என்ன என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்தேன், அதுதான். கற்சுவர் வந்ததும் எல்லாம் உடைந்தது. அவருடைய மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா எங்க டீச்சர்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் சொல் வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து எடுத்தார்கள். தாத்தா அவர் முதுகில் இருந்தார்.

இப்போது கோயில் மண்டபத்தில் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் மணியைத் தொட்டு விளையாடுவதில்லை. மழை தொடங்கினால் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், பயப்படலாமா கூடாதா என்று என் முகத்தில் தேடுகிறார்கள். எனக்கும் யாராவது ஒருவருடைய முகம் வேண்டும் போல் இருக்கிறது. நடந்ததைப் பற்றி வந்த அறிக்கையில், முன் அறிகுறி எதுவுமில்லாத இயற்கை அனர்த்தம் என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து.

போன வாரம் இன்னொரு கடிதம் வந்தது. சரிவிலிருந்து தப்பி வலப்பக்கம் நிற்கும் சின்னக் கட்டடம் பாதுகாப்பானது, வகுப்புகளை அங்கே தொடங்கவும். அதற்கும் உங்கள் கையெழுத்து. கூடவே ஒரு படிவம். பிள்ளைகளை அங்கே வைத்துக்கொள்வதில் ஆட்சேபனை இல்லை என்று வகுப்பாசிரியர்கள் ஒப்பமிட வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். கட்டடத்தின் பின்னால் புதிதாகப் புல் பதித்திருக்கிறார்கள். யார் பதித்தார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.  குனிந்து ஒரு துண்டைப் பெயர்த்தேன். அடியில் இருந்த வெடிப்பில் என் விரல் போனது.

நான் ஒப்பமிடவில்லை. வரும் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். நீங்களும் வருவதாகக் கடிதத்தில் இருக்கிறது. முதலில் நான் எழுந்து பேசுவேன். வெடிப்பை மூடச் சொன்னது நான், கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான் என்று அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் சொல்வேன். வேலை போனால் போகட்டும். அதன் பிறகு நீங்கள் எழுந்து நில்லுங்கள், ஐயா. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், சிங்களத்திலேயே சொல்லுங்கள், எங்களுக்கு விளங்கும். அந்த மனிதர் புல்லைப் பெயர்த்துக் காட்டியபோது நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? இப்போது எங்கள் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் கட்டடத்தின் அடியில் எத்தனை இடத்தில் தோண்டிப் பார்த்தீர்கள்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். கடிதம் எழுதவும் வேண்டாம். அவர்கள் எல்லாரும் கேட்க, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.